முதல் வண்டி இன்னும் கிளம்பவில்லை

சர்வேயர்: இன்னொரு தடவை சாவியைத் திருப்பவா?

சிஸ்டர்: திருப்பித் திருப்பி பேட்டரியையும் படுக்க வச்சுடாதீங்க. கொஞ்சம் ஆறட்டும்.

சர்வேயர்: செல்ஃப் நல்லாத்தானே சுத்துது. இன்ஜின்தான் பிடிக்க மாட்டேங்குது.

சிஸ்டர்: அது எனக்கும் கேக்குது, பக்கத்து வீட்டுக்கும் கேக்குது. அடுத்த தெருவுல நம்ம சங்கத் தலைவருக்கும் இந்நேரம் கேட்டிருக்கும்.

சர்வேயர்: கேட்டா கேக்கட்டும். பழைய காருன்னா காலையில கொஞ்சம் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். பழைய கார் சங்கத்துக்கே தலைவர், அவருக்குத் தெரியாததா?

சிஸ்டர்: இன்னைக்குப் போய் முரண்டு பிடிக்கணுமா? வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்வலம். வயசுல மூத்த வண்டின்னு நம்மளைத்தான் முதல்ல விடறாங்க. பின்னாடி வர்ற பத்து வண்டியும் மைதானத்துல நமக்காக நிக்கும். நீங்க என்னடான்னா ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு உக்காந்த மாதிரி உக்காந்திருக்கீங்க.

சர்வேயர்: நான் என்ன பண்ணட்டும்? பானட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறது நீதானே. பாரு. உன் கண்ணுல படாதது எது?

சிஸ்டர்: பிளக் வயர் நாலும் இறுக்கமா இருக்கு. பேட்டரி டெர்மினலைப் போன வாரம்தான் தேய்ச்சேன். ஃபேன் பெல்ட் புதுசு. எல்லாம் சரியாத்தான் இருக்கு.

சர்வேயர்: பெட்ரோல் வருதான்னு பாத்தியா?

சிஸ்டர்: ...வருது, வருது.

சர்வேயர்: பைப்பைக் கழட்டிப் பாத்துடலாமே.

சிஸ்டர்: அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். கையெல்லாம் நாறும். வெள்ளைச் சட்டை வேற போட்டிருக்கீங்க. கரண்டு வருதான்னு பாப்போம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்கறேன்.

சர்வேயர்: அதை எதுக்குத் திறக்கறே?

சிஸ்டர்: எதுக்கா? நாலு பிளக்குக்கும் கரண்டைப் பங்கு போட்டுக் கொடுக்கறதே அதுதானே.

சர்வேயர்: அது தெரியும்... போன மாசம்தானே பாத்தோம். சும்மா சும்மா திறந்தா தூசி போயிடும். பெட்ரோலைப் பாப்போம்.

சிஸ்டர்: பெட்ரோல்ல ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன்ல.

சர்வேயர்: கரண்டுலயும் ஒண்ணும் இல்லைன்னு நான் சொல்றேன்.

சிஸ்டர்: அப்ப ரெண்டும் இருக்கு. வண்டிக்குத்தான் போக மனசு இல்ல.

சர்வேயர்: இருக்கும். நம்ம கூட இத்தனை வருஷம் குப்பை கொட்டினதுக்கு அதுக்கும் ஒரு நாள் லீவு வேணும்ல.

சிஸ்டர்: பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்ல. அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பானரை எடுங்க.

சர்வேயர்: எங்க இருக்கு?

சிஸ்டர்: உங்க பக்கத்து சீட்டுல டிரே இருக்கு, இடது பக்கத்துல இருந்து மூணாவது. அளவு பாத்து வரிசையா வச்சிருக்கேன்.

சர்வேயர்: வீட்டுல கரண்டிகூட இப்படி வரிசையா நிக்காது. ஆபரேஷன் தியேட்டரை விட்டு நீ ரிடையர் ஆயிட்டே, தியேட்டர் உன்னை விட்டு ரிடையர் ஆகல.

சிஸ்டர்: டிரேல வச்ச சாமான் எல்லாம் டிரேக்குத் திரும்பி வந்தாத்தான் பெரிய டாக்டரையே வயித்தைத் தைக்க விடுவேன். உங்களை மாதிரி ஸ்க்ரூடிரைவரை ரேடியேட்டர் மேல வச்சுட்டு, பானட்டை மூடி, ஊர் பூரா கடகடன்னு சத்தம் கேக்க ஓட்டிட்டு வர்ற ஆள் இல்ல.

சர்வேயர்: அது ஒரு தடவை.

சிஸ்டர்: மூணு. அதுல ஒண்ணு என் நல்ல ஸ்க்ரூடிரைவர்.

சர்வேயர்: சரி, சிஸ்டர்.

சிஸ்டர்: வீட்டுல என்னை சிஸ்டர்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? கேக்கறவங்க என்ன நெனப்பாங்க?

சர்வேயர்: நீயும்தான் சர்வேயர்னு கூப்பிடறே. ஊர் நிலத்தையெல்லாம் அளந்து முடிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு.

சிஸ்டர்: ஊர் நிலத்தை அங்குலம் பிசகாம அளந்த மனுஷன், சொந்த ஷெட்டுக்குள்ள வண்டியை நிறுத்தறதுக்கு உத்தரத்துல டென்னிஸ் பந்தைக் கட்டித் தொங்க விட்டிருக்கீங்க. கண்ணாடியில பந்து இடிச்சா பிரேக்காம்.

சர்வேயர்: உலகம் பூரா அப்படித்தான் பண்றாங்க.

சிஸ்டர்: உலகம் பூரா ஒரு பந்து கட்டுவாங்க. நீங்க மூணு கட்டியிருக்கீங்க.

சர்வேயர்: ரெண்டு பக்கமும் தெரிய வேண்டாமா?

சிஸ்டர்: தெரியணும், தெரியணும். முன்னாடியெல்லாம் நான் ரொட்டியில வெண்ணெய் தடவிக் கொடுக்க, ஒரு கையால தின்னுக்கிட்டு, மலைப்பாதையில லாரியை முந்தினீங்க. கிளட்ச்சை நீங்க மிதிக்க, கியரை நான் மாத்தினேன்.

சர்வேயர்: அப்ப எதிர்ல வண்டியே கிடையாது. இப்ப வீட்டுக்கு நாலு நிக்குது.

சிஸ்டர்: இப்ப சைக்கிள் நம்மளை முந்துது.

சர்வேயர்: அது பேட்டரி சைக்கிள்.

சிஸ்டர்: ஓட்டினது பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. போகும்போது திரும்பிப் பாத்து கை வேற காட்டினாங்க. நீங்களும் சந்தோஷமா கை காட்டினீங்க.

சர்வேயர்: மரியாதைக்கு மரியாதை. அவசரமா போறவங்களுக்கு வழி விட்டுடணும். பஸ் வந்தா ஓரம் கட்டிடறேன், லாரி வந்தா ஓரம் கட்டிடறேன்...

சிஸ்டர்: பச்சை விளக்கு வந்தாலும் நிறுத்திடறீங்க.

சர்வேயர்: எப்ப மஞ்சளா மாறும்னு யாருக்குத் தெரியும்?

சிஸ்டர்: மருந்துக்கடை எங்க இருக்கு?

சர்வேயர்: ஏன், எதிர்லதான்.

சிஸ்டர்: ரோட்டுக்கு அந்தப் பக்கம். வலது பக்கம் திரும்பினா வாசல். நாம எப்படிப் போறோம்?

சர்வேயர்: ...இடது பக்கமா.

சிஸ்டர்: இடது, மறுபடி இடது, ரயில்வே கேட்டுப் பக்கம் ஒரு இடது, பாலத்துக்கு அடியில ஒண்ணு. ஒரு தலைவலி மாத்திரை வாங்க ஊரை வலம் வர்றோம். போய்ச் சேர்றதுக்குள்ள தலைவலி தானாப் போயிடுது.

சர்வேயர்: பாத்தியா? மாத்திரை மிச்சம்.

சிஸ்டர்: நான் ஒண்ணும் சொல்லல. திரும்பி வரும்போது ஓட்டறது நான்தானே, நானும் அப்படித்தான் சுத்தறேன்.

சர்வேயர்: எதிர்ல வர்றவனை வெட்டி வலது பக்கம் திரும்பறது சின்னப் பசங்க வேலை. போன வருஷ ஊர்வலத்தையே எடுத்துக்கோ. முதல் வண்டி நம்மளது. ஏரிக்கரைக்குப் போற வரைக்கும் ஒரு இடத்துலகூட வலது பக்கம் திரும்பாம கூட்டிட்டுப் போனேனா இல்லையா?

சிஸ்டர்: போனீங்க. பத்து வண்டியும் வாய் திறக்காம பின்னாடியே வந்துச்சு. கடைசியில தலைவர் மைக்கைப் பிடிச்சு, இவ்வளவு அழகான பாதையைத் தேர்ந்தெடுத்த சர்வேயருக்கு நன்றின்னார். சிமெண்ட் குடோனும் சாக்கடைக் கால்வாயும்... அழகான பாதை.

சர்வேயர்: ரசனை உள்ள மனுஷன்.

சிஸ்டர்: இருங்க... போன் அடிக்குது.

சர்வேயர்: யாரு?

சிஸ்டர்: வேற யாரு, தலைவர்தான்.

சர்வேயர்: எடுக்காதே.

சிஸ்டர்: ஏன்?

சர்வேயர்: என்னன்னு சொல்லப் போறே? முதல்ல வண்டியில என்னன்னு தெரியட்டும். பெட்ரோல் பம்ப் போயிடுச்சுன்னு சொல்லிடலாமா?

சிஸ்டர்: பாக்காமலே எப்படி பம்ப் போச்சுன்னு சொல்லுவீங்க?

சர்வேயர்: போயிருந்தா நல்லாயிருக்கும்... அதாவது, போயிருந்தா காரணம் தெரிஞ்சுடும், நிம்மதியா இருக்கும்னு சொன்னேன்.

சிஸ்டர்: உங்க பேச்சே இன்னைக்கு ஒரு மாதிரி இருக்கு. இருங்க, மூடியைத் திறக்கறேன்.

சர்வேயர்: வேண்டாம்னா கேக்க மாட்டியா? கிளிப் உடைஞ்சுடும், பழசு...

சிஸ்டர்: இதை விடப் பழசையெல்லாம் திறந்து பாத்தவதான் நான். ...இது என்ன?

சர்வேயர்: என்ன?

சிஸ்டர்: உள்ள ரோட்டரைக் காணோம்.

சர்வேயர்: எது?

சிஸ்டர்: எதுவா? நடுவுல நின்னு சுத்துற சாமான். கட்டைவிரல் அளவு இருக்கும். அது இல்லாம எந்த பிளக்குக்கும் கரண்டு போகாது. அதைக் காணோம்.

சர்வேயர்: எங்கயாவது விழுந்திருக்கும்.

சிஸ்டர்: மேல மூடி, மூடிக்கு ரெண்டு கிளிப்பு. எழுந்திரிச்சு கதவைத் திறந்து நடந்தா போச்சு?

சர்வேயர்: எலி...

சிஸ்டர்: எலி தூக்கிட்டுப் போய் மறுபடி கிளிப்பு போட்டுட்டுப் போச்சா?

சர்வேயர்: இந்தக் காலத்து எலி...

சிஸ்டர்: சட்டைப்பையில என்ன கறை?

சர்வேயர்: எங்க? பேனா கசிஞ்சிருக்கும்.

சிஸ்டர்: அது கிரீஸ். உள்ள என்ன இருக்கு?

சர்வேயர்: கண்ணாடி.

சிஸ்டர்: கண்ணாடி மூக்குல இருக்கு. எடுங்க.

சர்வேயர்: இந்தா.

சிஸ்டர்: எப்ப கழட்டினீங்க?

சர்வேயர்: நீ குளிக்கப் போனப்ப.

சிஸ்டர்: கழட்டி வச்சுட்டு, இவ்வளவு நேரமா சாவியைத் திருப்பித் திருப்பிப் பாத்தீங்களாக்கும். உதட்டைப் பிதுக்கி, ஸ்டீயரிங்கைத் தட்டி... நாடகக் கம்பெனியில சேந்திருக்கலாம் நீங்க.

சர்வேயர்: திட்டறதுன்னா திட்டிடு. சிரிக்காதே.

சிஸ்டர்: ஏங்க இப்படிப் பண்ணீங்க? வண்டியை விட்டு இறங்கி வாங்க. இந்த ஸ்டூல்ல உக்காருங்க. சொல்லுங்க.

சர்வேயர்: அன்னைக்குக் காய்கறிக் கடை வாசல்ல... பம்பர் சுவத்துல இடிச்சுதே.

சிஸ்டர்: ரிவர்ஸ் கியர் சிக்கிச்சுன்னு சொன்னீங்க. நான் கியர் பாக்ஸைத் திறந்து ரெண்டு நாள் தேடினேன். ஒண்ணுமே இல்ல.

சர்வேயர்: ஒண்ணும் இருக்காது. கியர் சிக்கல. பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சேன். வண்டி பாயுது. நான் இன்னும் அழுத்தறேன். பிரேக் பிடிக்க மாட்டேங்குதேன்னு இன்னும் நல்லா அழுத்தறேன். சுவரு மட்டும் இல்லைன்னா... சுவத்துக்கு முன்னாடி அதுவரைக்கும் ஒரு அம்மா தள்ளுவண்டியில குழந்தையோட நின்னுக்கிட்டு இருந்தாங்க. அப்பதான் நகர்ந்து போனாங்க. அதை நீ பாக்கல. பையை எடுக்க உள்ள போயிருந்தே.

சிஸ்டர்: அதை ஏன் என்கிட்ட சொல்லல?

சர்வேயர்: எப்படிச் சொல்றது? என் கால் என் பேச்சைக் கேக்கலைன்னா? அதுக்கு அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஏறி உக்காந்ததும், எது பிரேக்குன்னு குனிஞ்சு பாத்துக்கறேன். ஷூ லேஸ் கட்டற மாதிரி.

சிஸ்டர்: அதான் செருப்பு போட்டுக்கிட்டு லேஸ் கட்டினீங்களா.

சர்வேயர்: கவனிச்சியா?

சிஸ்டர்: கவனிச்சேன். வயசாயிடுச்சு, முதுகை நீட்டி மடக்கறார்னு நெனச்சேன்.

சர்வேயர்: இன்னைக்கு ரோட்டோரம் பூரா ஜனம் நிக்கும். குழந்தைங்க எல்லாம் வண்டியைத் தொட்டுப் பாக்க முன்னாடி ஓடி வரும். ராத்திரி பூரா அதுதான் கண்ணுக்குள்ள. அதான் கழட்டிட்டேன்.

சிஸ்டர்: வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சர்வேயர்: உன்கிட்டயா? நேத்து பூரா பம்பரைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தே. முகம் தெரியுது பாருங்கன்னு என்னைக் கூப்பிட்டுக் காட்டினே. இந்த ஒரு நாளுக்காகத்தான் நீ வருஷம் பூரா கையில கிரீஸோட அலையறே. உன் சந்தோஷத்துல மண்ணை அள்ளிப் போடவா?

சிஸ்டர்: ...கொடுங்க அந்த ரோட்டரை.

சர்வேயர்: எதுக்கு?

சிஸ்டர்: மாட்டறேன். போகும்போது நீங்க, வரும்போது நான்னுதானே வழக்கம். இன்னைக்கு ரெண்டு தடவையும் நானே ஓட்டறேன்.

சர்வேயர்: நீயா? அவ்வளவு தூரமா?

சிஸ்டர்: ஏன், என்னால முடியாதா? ...மாட்டியாச்சு. மூடியைப் போட்டாச்சு. ஏறுங்க அந்தப் பக்கம். இதோ பாருங்க, சாவி.

சர்வேயர்: மெதுவா...

சிஸ்டர்: பிடிச்சுடுச்சு.

சர்வேயர்: பிடிச்சுடுச்சு. அடேயப்பா, என்ன சத்தம் பாரு. தையல் மிஷின் மாதிரி. உன் கைராசி...

சிஸ்டர்: இருங்க, உடனே கிளம்ப வேண்டாம். சூடாகட்டும்.

சர்வேயர்: அதான் சூடாயிடுச்சே.

சிஸ்டர்: இன்னும் கொஞ்சம். ...ம். ...இதோ... பாத்தீங்களா, நின்னுடுச்சு. அடக் கஷ்டமே. சரி, விடுங்க. நம்ம ராசி அவ்வளவுதான். இறங்குங்க. காபி போடறேன்.

சர்வேயர்: இரு, இரு. எங்க ஓடறே?

சிஸ்டர்: பால் அடுப்புல...

சர்வேயர்: பால் இனிமேதானே வைக்கணும். ஏம்மா, நின்னதும் உனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லையே. நிக்கப் போகுதுன்னு காத்துக்கிட்டு இருந்த மாதிரி இருந்துச்சு.

சிஸ்டர்: நல்ல கதையா இருக்கே. ரோட்டரைக் கழட்டினவர் என்னை விசாரிக்கிறார்.

சர்வேயர்: ரோட்டர் நான். ஒத்துக்கிட்டேன். இது நான் இல்ல. கார்பரேட்டர்ல தங்கியிருந்த கொஞ்சம் பெட்ரோல்ல ஓடிச்சு, அது தீந்ததும் செத்துடுச்சு. அப்படின்னா டேங்க்ல இருந்து வரல. பைப்பைத் தொடாதீங்க, பைப்பைத் தொடாதீங்கன்னு காலையில இருந்து யாரோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க...

சிஸ்டர்: சட்டை அழுக்காயிடும்னு சொன்னேன்.

சர்வேயர்: சட்டைதான் ஏற்கெனவே கிரீஸாச்சே. டார்ச்சைக் கொடு.

சிஸ்டர்: குனியாதீங்க, இடுப்பு பிடிக்கும்.

சர்வேயர்: பிடிக்கட்டும். பம்ப் சரியா இருக்கு... பைப் இதோ போகுது... பின்னாடி வளைஞ்சு... ஆகா. ஆகாகா. இது என்னம்மா, பைப்பைக் கவ்விக்கிட்டு நிக்குது?

சிஸ்டர்: எனக்கென்ன தெரியும்?

சர்வேயர்: பளபளன்னு இருக்கு. கத்திரிக்கோல் மாதிரி ரெண்டு வளையம், முனையில பல்லு. ரத்தம் ஓடாம நரம்பைப் பிடிச்சு நிறுத்தறதுக்கு ஆபரேஷன்ல போடுற இடுக்கி இல்லையா இது? எந்த மெக்கானிக் கடையில விக்கறாங்க?

சிஸ்டர்: எலி வச்சிருக்கும்.

சர்வேயர்: எலி தியேட்டர்ல வேலை பாத்துச்சா?

சிஸ்டர்: சிரிக்காதீங்க.

சர்வேயர்: நான் எங்க சிரிச்சேன்? நாடகக் கம்பெனியில எனக்கு மட்டும்தான் இடமான்னு யோசிச்சேன். எப்ப வச்சே?

சிஸ்டர்: நீங்க செய்தி பாத்துக்கிட்டு இருந்தப்ப.

சர்வேயர்: அதாவது, நான் கழட்டின வண்டியை நீ மறுபடி கெடுத்திருக்கே. செத்த பாம்பை அடிச்சிருக்கே.

சிஸ்டர்: செத்திருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்க என்கிட்ட சொன்னீங்களா?

சர்வேயர்: சரி, உக்காரு. இப்ப ஸ்டூல் உனக்கு. நீ ஏன் பண்ணினே?

சிஸ்டர்: ரவுண்டானா.

சர்வேயர்: எந்த ரவுண்டானா?

சிஸ்டர்: மார்க்கெட்டுக்கிட்ட. போன தடவை வரும்போது நான் மூணு சுத்து சுத்தினேனே.

சர்வேயர்: ஆமா. இன்ஜின் சத்தம் இன்னைக்கு நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் கேக்கலாம்னு சொன்னே. நான்கூட கண்ணை மூடி ரசிச்சேன்.

சிஸ்டர்: நீங்க ரசிச்சீங்க. எனக்கு எந்த ரோட்டுல வெளிய போறதுன்னு தெரியல. அந்த வழியா எத்தனை வருஷமா போறோம். நாலு ரோடு. நாலும் ஒரே மாதிரி தெரிஞ்சுது. பக்கத்துல வண்டிங்க ஹார்ன் அடிக்குது. எதிர் வெயில்ல ஒரு பக்கம் கண்ணு கூசுது. சுத்திக்கிட்டே இருந்தா ஏதாவது ஒண்ணு ஞாபகம் வரும்னு சுத்தினேன். மூணாவது சுத்துல நீங்க கண்ணைத் திறந்து, அதோ நம்ம தையல் கடை போர்டுன்னீங்க. அதை வச்சு வெளிய வந்தேன். கையெல்லாம் வேர்த்து ஸ்டீயரிங் வழுக்குச்சு.

சர்வேயர்: என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, எந்தப் பக்கம்னு.

சிஸ்டர்: கேட்டா, அவ்வளவுதான் எல்லாம் முடிஞ்சுதுன்னு ஆயிடுமோன்னு பயம். ஆபரேஷன் நடுவுல கரண்டு போனப்பகூட என் கை ஆடினது இல்ல. வீட்டுக்குப் போற வழி தெரியலைன்னு எந்த வாயால சொல்ல?

சர்வேயர்: கண்ணு டாக்டர்கிட்ட போனியா?

சிஸ்டர்: போனேன். உங்களுக்குத் தெரியாம. ஒரு கண்ணுல புரையாம். எடுத்துடலாம்னார். மத்தது பதட்டம்தான், பயப்பட ஒண்ணுமில்லைன்னார்.

சர்வேயர்: அதை வந்து என்கிட்ட சொல்றதுக்கு என்ன?

சிஸ்டர்: சொன்னா வண்டியை வித்துடலாம்பீங்க. வித்துட்டு வாசல்ல உக்காந்து போற வர்ற வண்டியைப் பாப்பீங்க. ராத்திரி தூக்கத்துலகூட கியர் மாத்தற மனுஷன். என் கையைப் பிடிச்சு ரெண்டாவது கியர்ல போடறீங்க. உங்ககிட்ட இருந்து இதைப் பிடுங்கிட்டா மிச்சம் என்ன இருக்குன்னு பயந்தேன்.

சர்வேயர்: நீ இருக்கே.

சிஸ்டர்: ம்... கிரீஸ் கையால முகத்தைத் தொடாதீங்க.

சர்வேயர்: நீ எனக்காக ஆசைப்பட்ட மாதிரி நடிச்சே. நான் உனக்காக நடிச்சேன். ரெண்டு பேரும் சேந்து ஒரு நல்ல வண்டியைக் கெடுத்து வச்சிருக்கோம். ஊர்ல வண்டி கெட்டுப்போச்சுன்னா சரி பண்ணுவாங்க. வண்டி நல்லா ஓடிடுமோன்னு பயந்த குடும்பம் நம்ம குடும்பம்தான்.

சிஸ்டர்: திரும்ப போன் அடிக்குது.

சர்வேயர்: அவர்தான்.

சிஸ்டர்: எடுத்துப் பேசுங்க.

சர்வேயர்: என்னன்னு? பம்ப் போச்சுன்னா?

சிஸ்டர்: உள்ளதைச் சொல்லுங்க.

சர்வேயர்: உனக்கென்ன, சுலபமா சொல்லிட்டே. பல் டாக்டர் கதை மறந்துபோச்சா? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி டிரைவரை வச்சுக்கிட்டு வந்தார். சொந்தக் கையால ஓட்டாதவனுக்கு சங்கத்துல என்ன வேலைன்னு தலைவர் எல்லார் முன்னாடியும் கேட்டார். பல் டாக்டர் ஏரிக்கரையில டீகூடக் குடிக்காம போனார். அதுக்கப்புறம் வரவே இல்ல. இப்ப அடுத்தது நான். நாளைக்கு ஊரெல்லாம் பேசும், சர்வேயருக்குப் பிரேக் எது ஆக்சிலரேட்டர் எதுன்னு தெரியலையாம்னு.

சிஸ்டர்: பேசட்டும். தெரியாமத்தானே சுவத்துல இடிச்சோம். இந்த வருஷம் பம்ப் போச்சுன்னு சொல்லுவீங்க. அடுத்த வருஷம் கிளட்ச். அதுக்கடுத்த வருஷம் கழட்டறதுக்கு சாமானே இருக்காது. அப்ப வண்டியை எடுத்துக்கிட்டுப் போய் எந்தக் குழந்தை மேல இடிக்கப் போறீங்க? உங்களால முடியலைன்னா கொடுங்க, நான் சொல்றேன்.

சர்வேயர்: வேண்டாம். என் கால். நானே சொல்றேன். ஸ்பீக்கர்ல போடு, கையெல்லாம் கிரீஸ்.

தலைவர்: அண்ணே, எங்க இருக்கீங்க? கிளம்பிட்டீங்களா?

சர்வேயர்: இல்ல தலைவரே. இன்னும் ஷெட்லதான் இருக்கோம்.

தலைவர்: அப்படியா? நல்லது... நல்லதுன்னா, அவசரம் இல்லைன்னு சொல்ல வந்தேன். நிதானமா வாங்க. வராட்டாலும்... இல்ல, வாங்க.

சர்வேயர்: நீங்க மைதானத்துல இருக்கீங்களா?

தலைவர்: நானா? நானும் வீட்டுலதான் அண்ணே. வண்டி காலையில இருந்து மக்கர். பெட்ரோல் பம்ப் போயிடுச்சு போல. மைதானத்து வாட்ச்மேனுக்குப் போன் பண்ணிக் கேட்டேன். இதுவரைக்கும் ஒரு வண்டிகூட வரலையாம்.

சிஸ்டர்: ஒரு வண்டிகூடவா?

தலைவர்: யாரு, அண்ணியா? ஆமா அண்ணி. பழைய வண்டிங்க பாருங்க. பம்ப், பேட்டரின்னு ஆளுக்கு ஒரு கஷ்டம்.

சர்வேயர்: தலைவரே, ஒண்ணு சொல்லணும். குறுக்க பேசாம கேளுங்க. நிறுத்தினா மறுபடி என்னால சொல்ல முடியாது. எங்க வண்டிக்கு ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கு. ரோட்டரைக் கழட்டி சட்டைப்பையில போட்டுக்கிட்டது நான். எனக்கு ஓட்டறதுக்கு பயமா இருக்கு. பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலரேட்டரை மிதிச்சுட்டேன். இனிமே முதல் வண்டியா வர மாட்டேன், கடைசி வண்டியாவும் வர மாட்டேன். டிரைவர் வச்சுக்கிட்டு பின்சீட்டுல உக்காந்து வந்தா சேத்துப்பீங்கன்னா வர்றேன். இல்லைன்னா நீங்க பல் டாக்டருக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லிடுங்க.

சிஸ்டர்: பெட்ரோலை அடைச்சது நான். அதையும் சேத்துச் சொல்லுங்க.

சர்வேயர்: பெட்ரோலை அடைச்சது அவ. அவளுக்கும் பயம்.

தலைவர்: ...

சர்வேயர்: தலைவரே? லைன்ல இருக்கீங்களா?

தலைவர்: இருக்கேன்.

சர்வேயர்: சிரிக்கறதுன்னா இப்பவே சிரிச்சுடுங்க. பின்னாடி சிரிக்க வேண்டாம்.

தலைவர்: சிரிச்சா உயிர் போகுது அண்ணே.

சிஸ்டர்: ஏன், என்ன ஆச்சு? குரலே சரியில்லையே. எங்க இருந்து பேசறீங்க?

தலைவர்: மொட்டை மாடியில இருந்து, அண்ணி. பம்ப்னு சொன்னதெல்லாம் பொய். விடியறதுக்கு முன்னாடி முன் சக்கரம் ரெண்டையும் கழட்டி, யாரும் தேடிக் கண்டுபிடிச்சு மாட்டிடக் கூடாதுன்னு ஒண்ணொண்ணா மாடிக்கு ஏத்தினேன். ரெண்டாவதை ஏத்தும்போது இடுப்பு பிடிச்சுக்கிச்சு. அந்தச் சக்கரத்து மேலேயே உக்காந்திருக்கேன், எழுந்திரிக்க முடியல. வீட்டுல யாரும் இல்ல. வலிக்கு ஏதாவது மருந்து இருந்தா எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் வர முடியுமா, அண்ணே... நடந்தே வாங்க.